என் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை

சரித்திரக் காதல் நாவல்களில் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு இரண்டு அறை கொடுக்க வேண்டும் என்று நான் வெகு காலமாகச் சொல்லி வருகிறேன். (மீதிப் பத்தும் குதிரைகள். பாவம், வாயில்லாத ஜீவன்கள்.) அதே வாயால் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தொண்ணூறு பேரும் அறுநூறு பக்கத்தில் செய்கிற கிறுக்குத்தனத்தை நான் ஒரே வாரத்தில் செய்து முடித்திருக்கிறேன். அதுவும் என் சொந்தக் கல்யாணத்தில்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாறுவேடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் ஒரு பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டு வந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எங்கள் மில்லர்புரத்தில் ஒருவன் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் போட்டு பைக்கில் பறந்தாலும், "லூர்து மவன் போறான், பொண்டாட்டிகூட சண்ட போல" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார்கள். அப்புறம், நாலு பாகம் முழுக்கப் படித்தாலும் ஒருத்தரும் ஒரு வாய் சோறு தின்பதில்லை. கப்பல் ஏறினால் அரை மணி நேரத்தில் புயல். என் அப்பா மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல். தோணியில் கேப்டனைத் தண்டல் என்போம். நடுக்கடலில் அவரை அதிகம் பயமுறுத்தியது எது என்று கேட்டால், அழுகத் தொடங்கிய வெங்காய மூட்டை என்பார்.

எங்கள் கடலைப் பற்றி எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். நிலா வெளிச்சத்தில் நாயகி கடலுக்குள் குதிப்பாள். தலையில் வைத்த மல்லிகை கலையாமல் மேலே வருவாள். கையில் இருக்கும் ஒரே ஒரு சிப்பியைத் திறந்தால் நெல்லிக்காய் அளவில் முத்து! உண்மையில் சிப்பியைக் கரையில் மலையாகக் குவித்து, நாள் கணக்கில் அழுக விட்டு, அப்புறம்தான் அலசித் தேடுவார்களாம். ஈயும் நாற்றமுமாக ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்குமாம். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று எந்த இளவரசனாலும் கவிதை சொல்ல முடியாது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்கவே முடியாதது தூணுக்குப் பின்னால் நிற்பது.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் இளநகை என்று ஒருத்தி. தன் காதலனான இளவரசன் வேறொரு பெண்ணின் கழுத்தில் முத்துமாலை போடுவதைத் தூண் மறைவிலிருந்து பார்த்துவிடுகிறாள். சரி, பார்த்துவிட்டாய். நாலு எட்டு நடந்து போய் "யார் இது?" என்று கேட்க வேண்டியதுதானே? மாட்டாள். தலைவிரிகோலமாக ஓடிப்போய் ஒரு மலைக்குகையில் துறவியாகிவிடுவாள். நானூறு பக்கம் கழித்து அந்தப் பெண் அவனுடைய தங்கை என்று தெரியவரும். (எப்போதுமே தங்கைதான்.) அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "ஏளா, யாருன்னு ஒரு வார்த்த கேளேன்!" என்று எழுதி வைத்தேன். என் பழக்கம் அது. நூலகர் ஒருநாள் ரப்பரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் எனக்கு வேலையே கேட்பதுதான். கப்பல் சரக்குகளின் பத்திரங்களைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் இடித்தால் கொழும்பு வரை போன் போட்டு உலுக்கிவிடுவேன். ஜெசி கேள்வி கேட்டால் பதில் வாங்காமல் விடமாட்டாள் என்று துறைமுகத்தில் ஒரு பெயர் உண்டு.

இந்த லட்சணத்தில்தான் எனக்கு அமலை நிச்சயம் செய்தார்கள். திரேஸ்புரத்துக்காரர். கப்பலில் இன்ஜினியர். வீட்டில் நாலும் ஆண் பிள்ளைகள், இவர் மூத்தவர். நிச்சயம் முடிந்த கையோடு கப்பல் ஏறிவிட்டார். ஆறு மாதம் போனில்தான் பேச்சு. மற்ற பெண்கள் என்ன பேசுவார்களோ தெரியாது, நான் இளநகையைத் திட்டினேன். அவர் அதுவரை முழுதாகப் படித்த ஒரே புத்தகம் இன்ஜின் கையேடு. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்.

"அவ கேட்டுட்டான்னா கத அங்கனயே முடிஞ்சிரும்லா? பாவம், எழுதுனவரு என்ன செய்வாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் மட்டும் அவள் இடத்தில் இருந்தால் அந்த நிமிடமே கேட்டிருப்பேன் என்று சபதம் போல் சொன்னேன். "நல்லது" என்றார்.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் லீவில் வந்து சேர்ந்தார். ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார்கள். பெண்ணின் கோவிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளையின் கோவிலிலும் வாசிப்பார்கள். எனக்கு விவரம் தெரிந்து ஒருவரும் போய்த் தடை சொன்னதில்லை. அந்த வரி வரும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ஓலை முடிந்த வாரம், வியாழக்கிழமை மதியம் அமலுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு, "இல்ல, ஒரு சோலி இருக்கு" என்றார். என்ன சோலி என்றேன். "சும்மா ஒரு சோலி" என்றார். கண்டெய்னர் விஷயமாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். கல்யாணப் பெண்ணாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அலுவலகம் முடிந்து கடற்கரைப் பூங்கா வழியாக வந்தேன். உள்ளே, வேப்ப மரத்தடியில், அமல். பக்கத்தில் ஒரு பெண். என்னைவிட அழகி. (இதை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.) அமல் ஒரு சிவப்பு டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்து ஒரு முத்துமாலையை எடுத்து, அவள் கூந்தலை ஒதுக்கி, கழுத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

பூங்காவில் தூண் இல்லை. ஐஸ் வண்டி இருந்தது. அதன் பின்னால் குனிந்து நின்றேன்.

"யக்கா, ஐஸ் வேணுமா? இல்லன்னா கொஞ்சம் நகண்டு நில்லுங்க, வண்டிய எடுக்கணும்" என்றார் ஐஸ்காரர். அவர் வண்டியைத் தள்ளத் தள்ள நானும் குனிந்தபடியே அதோடு நடந்து வாசல் வரை வந்து சேர்ந்தேன். வாங்கிய குச்சி ஐஸ் கையில் உருகி முழங்கை வரை வழிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யோசிக்காமல் அழவில்லை, நன்றாக யோசித்துத்தான் அழுதேன். அந்த இளநகை முட்டாள், தங்கை இருக்கிறாளா என்று விசாரிக்கவில்லை. நான் அப்படியா? அமலுக்குத் தங்கை கிடையாது, அக்காவும் கிடையாது. எல்லாம் சரிபார்த்தாயிற்று! ஐதராபாத்தில் நர்ஸாக இருக்கும் அவருடைய எமில்டா சித்தி கல்யாணத்துக்கு வருகிறார் என்று மாமி, அதாவது அமலின் அம்மா, சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் சித்தி என்ற சொல்லுக்கு என் மனதில் ஐம்பது வயதும் மூட்டு வலியும் இருந்தன. நிச்சயத்துக்கும் அவர் லீவு கிடைக்காமல் வரவில்லை.

அமல் மூன்று நாளில் ஏழு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. இளநகைக்காவது தூது அனுப்பப் புறா வேண்டும். என் கையில் சார்ஜ் முழுக்க இருந்த போன் இருந்தது. அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். (துறவறத்துக்கு எங்கள் பக்கம் குகை கிடையாது.)

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை. "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்" என்று பங்குச்சாமி வாசித்ததும் எனக்கு உடம்பு புல்லரித்தது. அறிந்தவள் நான் அல்லவா! கடமைப்பட்டிருப்பவளும் நான்தானே! பூசை முடிந்து அம்மாவும் அப்பாவும் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு நிற்க, நான் நேராகச் சாமியின் அலுவலக அறைக்குப் போனேன்.

"சாமி, நீங்க வாசிச்ச ஓலைக்கு ஒரு தடை சொல்லணும்."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கோவிலில் சாமிக்கு உதவியாக இருப்பவரைக் கோயில்பிள்ளை என்போம்; மூலையில் பதிவேடு அடுக்கிக்கொண்டிருந்த அந்தக் கோயில்பிள்ளை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

"எந்தக் கல்யாணத்துக்கும்மா?"

"என் கல்யாணத்துக்குத்தான் சாமி."

சாமி கண்ணாடியைக் கழற்றினார். "நீதான பொண்ணு?"

"ஆமா சாமி."

"உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொன்னா போதுமே. அதுக்கு எதுக்குத் தட?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் வந்த காலோடு திரும்ப மனமில்லை. மாப்பிள்ளைக்கு வேறு தொடர்பு இருக்கிறது, கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"அவங்கிட்ட கேட்டியா?"

"இல்ல சாமி."

"ஏன்?"

நாவலில் ஒருத்தி இப்படி நின்றிருந்தால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுத நான் பென்சிலை எடுத்திருப்பேன். சாமி பெருமூச்சு விட்டு, தடை என்று வந்துவிட்டால் விசாரித்தாக வேண்டும், எழுதிக்கொடு என்று ஒரு தாளை நீட்டினார். அந்தத் தாளை மட்டும் அவர் நீட்டாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது சாமி அமலுக்குப் போன் செய்து, "தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார். நான் மூன்று நாளாகச் செய்யாததை அவர் அரை நிமிடத்தில் செய்தார். இதற்குள் கோயில்பிள்ளை வெளியே நழுவியிருந்தார். அவருக்குப் பெண்டாட்டி எடுத்த ஊர் திரேஸ்புரம். ஆகவே அமல் தனியாக வரவில்லை. இரண்டு ஆட்டோ வந்தது. முதல் ஆட்டோவிலிருந்து அமலும் அவர் அம்மாவும் இறங்கினார்கள். இரண்டாவதிலிருந்து அந்த அழகி இறங்கினாள். அவர்களுக்குப் பின்னாலேயே என் அம்மாவும் அப்பாவும் என்னவோ ஏதோ என்று அறைக்குள் வந்தார்கள்.

"பாத்தீங்களா சாமி! கூடவே கூட்டிட்டு வந்துட்டாவ!" என்று நான் கத்தினேன்.

"யாரக் கூட்டிட்டு வந்தோம்?" என்றார் மாமி. "இது என் தங்கச்சி எமில்டா."

என் அம்மா "யம்மா, மாதாவே" என்று பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எமில்டாதான் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"எங்க அம்மைக்கு நான் கடசிப் பிள்ள. எங்க அக்காவுக்கு இவன் மொதப் பிள்ள. ரெண்டு பேரும் ஒரே வருசம். இவன் எனக்கு ரெண்டு மாசம் மூத்தவன். ஆனா நான்தான் இவனுக்குச் சித்தி."

முத்துமாலையின் கதையும் அப்போதே வெளியே வந்தது. ஆறு மாதமாக நான் போனில் முத்து முத்து என்று புலம்பியதைக் கேட்டு, எனக்கு முத்தென்றால் உயிர் என்று அமல் முடிவு கட்டியிருக்கிறார். (திட்டுவதற்கும் ஆசைப்படுவதற்கும் வித்தியாசம் தெரியாத இன்ஜினியர்.) ஐதராபாத்திலிருந்து வாங்கிவரும்படி சித்தியிடம் சொல்லி, ரயிலடியிலிருந்து நேராகப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் நீளம் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்திருக்கிறார். வீட்டில் வைத்துப் பார்த்தால் மாமி பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார்களாம். முத்துக்குளித்த ஊரில் பிறந்தவளுக்கு ஐதராபாத்திலிருந்து முத்து!

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சாமி முறைப்படி நடப்பவர். "சரி, எழுதினத வாசிக்கேன். அப்பதான வாபஸ் வாங்க முடியும்" என்று தாளை எடுத்தார். நான் வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி என்று கெஞ்சினேன். வாசித்துவிட்டார்.

"கடந்த வியாழன் அந்தி மயங்கும் வேளையில், கடற்கரைப் பூங்காவில், மணமகன் அமல் என்பார் மாற்றாள் ஒருத்தியின் சங்குக் கழுத்தில் தம் கரங்களால் முத்தாரம் சூட்டக் கண்டேன். அவளுடைய கயல்விழிகள் நாணத்தால் கவிழ்ந்தன. என் நெஞ்சம் சுக்குநூறாயிற்று. ஆகவே மேற்படி திருமணத்துக்குத் தடை தெரிவிக்கிறேன். இங்ஙனம், மேற்படி மணமகள்."

அப்பா கூரையைப் பார்த்தார். வெங்காயம் அழுகியபோதும் அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

மாமி என் முன்னால் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பதினேழு வயசுல நர்ஸ் படிக்கப் போனவ என் தங்கச்சி. இவன் இன்ஜினியருக்குப் படிச்ச கடன அடச்சது அவ. தனக்குன்னு ஒண்ணும் பாக்காம, இன்னும் கழுத்துல தாலி ஏறாம நிக்கா. அவளப் போயி மாற்றாள்னு எழுதிருக்கியே ஏளா. சாமி, அந்தத் தடைய அப்பிடியே வச்சிருங்க. இந்தக் கல்யாணம் எங்களுக்கு வேண்டாம்."

அதுவரை எனக்கு வெட்கம்தான் இருந்தது. அந்த நிமிடம்தான் பயம் வந்தது. அதைவிட அதிகமாக வேதனை வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியை, என்னைவிடப் பலமடங்கு நல்லவளை, நாலு பேர் கேட்க அவமானப்படுத்திவிட்டேன். இந்த மனிதரையும் இழக்கப் போகிறேன். ஆறு மாதம் என் பிதற்றலை இன்ஜின் சத்தத்துக்கு நடுவே பொறுமையாகக் கேட்டவர். அவர் எனக்கு எவ்வளவு பிடித்தமானவர் என்பது அந்த அறையில்தான் எனக்கே தெரிந்தது.

"ஏழு தடவ போன் அடிச்சேனே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றார் அமல் மெதுவாக.

அந்த நேரத்தில் ஒரு பெண் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? சோலி சோலின்னீங்களே, சித்தி வாராங்கன்னு சொன்னா வாய்ல முத்தா கொட்டிரும்?"

"மூணு நாளா சோறு திங்காம அழுதவ பேசுற பேச்சப் பாரு" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எமில்டா சித்தி. சாமி கையிலிருந்த தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"சங்குக் கழுத்தா? எனக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "கயல்விழின்னா மீன் மாதிரி கண்ணுதான?"

"ஆமா சித்தி. நல்ல மீன்."

அவர் தாளை மடித்தார். "யக்கா, எனக்கு முப்பத்தோரு வயசாச்சி. ஊசி போடும்போது திட்டுவாங்கிருக்கேன், மருந்து குடுக்கும்போது திட்டுவாங்கிருக்கேன். என்னயப் பாத்து இதுவர ஒருத்தியும் பொறாமப்பட்டதில்ல. இவ மூணு நாளா சோறு திங்காம அழுதிருக்கா." (மீன் குழம்பு இருந்த நாளில் மட்டும் தின்றேன். அதை நான் சொல்லவில்லை.) "வைதது என்னத்தான? நான் மன்னிச்சாச்சி. சாமி, தடைய எடுத்துருங்க. இந்தத் தாளு மட்டும் எனக்கு வேணும்."

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை யோசிக்காமல் அழுதேன். மாமி இரண்டு நிமிடம் முறைப்பாக இருந்துவிட்டு, அப்புறம் என் மூக்கைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டார். தாள் அலுவலகப் பதிவு, கொடுக்க முடியாது என்று சாமி மறுத்ததால் சித்தி அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினார்.

அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. "தடை ஏதும்" என்ற இடத்தில் சாமி நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்கள் பெஞ்சைப் பார்த்தார். கோவிலே திரும்பிப் பார்த்தது. ஒருவர்கூடச் செருப்பைத் தேடவில்லை. நான் தலை நிமிரவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

நாலு வருடம் கழித்து ஒருநாள் எமில்டா சித்தி ஐதராபாத்திலிருந்து போன் செய்தார். அவருக்குக் கல்யாணம். அதே ஆஸ்பத்திரியில் லேப் பார்க்கும் ஒருவர், நம் பக்கத்துக்காரர்தான். பெண் கேட்டு வந்தவரிடம் சித்தி முதலில் காட்டியது அந்த ஜெராக்ஸைத்தானாம்.

"ஏளா ஜெசி, ஞாயித்துக்கெழம திரேஸ்புரத்துல என் ஓல வாசிக்காவ. நீ வந்துரணும்."

"வாரேன் சித்தி."

"வந்து முதல் வரிசையில இருக்கணும். தட இருக்கான்னு சாமி கேக்கும்போது நீ வாயத் தொறக்காம இருக்கத ஊரே பாக்கணும்."

போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அமல், மறுபக்கம் மாமி. இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. சித்திக்காக ஒரு செபம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கதை தெரிந்த திரேஸ்புரத்துச் சாமி வாசித்தார். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

சாம்பிராணிப் புகை என் மூக்கில் ஏறியது. கையை இரண்டு பேரும் பிடித்திருக்கிறார்கள், மூக்கைப் பொத்த வழியில்லை. கோவில் அதிர ஒரு தும்மல் போட்டேன்.

சாமி ஓலையைக் கீழே இறக்கினார். "சொல்லும்மா" என்றார்.

"தும்மல்தான் சாமி" என்றேன்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், அது கைக்குழந்தையாகவே இருந்தாலும், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள்: "தடையா, தும்மலா?"